கடலடி வெப்பநிலையை வைத்து நீரோட்டம் இடம் மாறுவதைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2011ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரைக்குத் தெற்கே மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கடலில் ஏதோ மாறியிருப்பதைக் கவனித்தார்கள். கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல் தரையின், வெளி விளிம்பில் தண்ணீர் வழக்கத்தைவிடப் பலமாக இழுத்தது. குளிர்காலம் நெருங்கும்போது ஆறிக்கொண்டு போகவேண்டிய தண்ணீர் சூடாகவும் இருந்தது. ஏன் இப்படி என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். பதிலில் பாதி மீனவர்களின் கூண்டுகளிலேயே இருந்தது. சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளில் கட்டிவிட்டிருந்த சின்னஞ்சிறு வெப்பமானிகள், நவம்பரிலும் டிசம்பரிலும் கடல் தரையருகே வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமாகக் கூடியதைப் பதிந்து வைத்திருந்தன.

உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் க்ளென் கவார்கிவிச்சும் உடன் ஆய்வாளர்களும் இந்தப் பதிவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடும், மிதவை ஒன்றின் பாதையோடும், ஆழ்கடலில் நங்கூரமிட்ட கருவியின் அளவுகளோடும் சேர்த்துப் பார்த்து, 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அக்டோபரில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் அட்லாண்டிக் வெந்நீரோட்டம் தன் சராசரிப் பாதையைவிட 200 கிலோமீட்டர் வடக்கே வந்திருந்தது. டிசம்பரில் அதன் பெரிய வளைவு ஒன்று, திட்டு விளிம்புக்கு 12 கிலோமீட்டர் தொலைவு வரைக்கும் அந்த வெந்நீரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி நீரோட்டத்தை அளக்காது. இந்த இடத்தில் இப்போது நிற்கும் நீர் எந்த ஊர் நீர் என்பதைத்தான் அது சொல்லும். அந்த நீர் எப்போது வந்தது, எவ்வளவு நாள் தங்கியது, அடுத்த இடத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று கோத்துப் பார்த்தால்தான் நீரோட்டம் நகர்ந்தது தெரியவரும்.

செயற்கைக்கோள் தினமும் கடலின் வெப்பநிலையைக் காட்டுகிறதே, தரைக்குப் போவானேன் என்று கேட்கலாம். செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டும். அந்தத் தோல் வெயிலுக்குச் சுடும், காற்றுக்கு ஆறும், மழைக்கு மாறும். நீர் எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். தரையருகே இருக்கும் நீரை வெயிலும் காற்றும் எளிதில் எட்டுவதில்லை. புறப்பட்ட இடத்தின் வெப்பநிலையை அது நெடுநாள் சுமந்துகொண்டு வரும்.

படி 1: உங்கள் இடத்துக்கு எந்தெந்த நீர் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கருவி வாங்குவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. நம் தென்கரை மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். எந்தப் பருவத்தில் எந்த நீவாடு என்பதை அவர்கள் கைரேகை மாதிரி அறிந்து வைத்திருப்பார்கள். ஆய்வாளருக்கும் அந்த அறிமுகம் வேண்டும்.

நியூ இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். இந்த முறைக்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வளைகுடாவின் வாயை ஜார்ஜஸ் திட்டும் பிரவுன்ஸ் திட்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆழ்நீர் உள்ளே வர இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல்தான் உண்டு. வடகிழக்குக் கால்வாய் என்று பெயர், ஆழம் 200 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இந்த வாசலுக்கு வெளியே இரண்டு வகை நீர் போட்டி போடும். ஒன்று, லாப்ரடார் நீரோட்டத்தின் வழியில் வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த சரிவுநீர். வெப்பநிலை 4 முதல் 8 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 34.3 முதல் 35 வரை. இன்னொன்று, கல்ஃப் ஸ்ட்ரீமின் கலப்பு கொண்ட வெதுவெதுப்பான சரிவுநீர். 8 முதல் 12 டிகிரி, உப்பு 34.7 முதல் 35.5 வரை. கல்ஃப் ஸ்ட்ரீம் வடக்கே ஒதுங்கி, லாப்ரடார் நீர் மேற்கே வருவது குறைந்தால் இரண்டாவது வகை வாசலுக்குள் நுழையும். எதிர்மாறாக நடந்தால் முதல் வகை நுழையும். ஆக, அந்த வாசலின் தரையில் இருக்கும் ஒரு வெப்பமானி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இரண்டு பெரும் நீரோட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

உங்கள் இடத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். என்னென்ன நீர், ஒவ்வொன்றின் வெப்பநிலை எல்லை, உப்பு எல்லை, வரும் வழி, வரும் பருவம். இரண்டு நீருக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் இந்த முறை அங்கே பலிக்காது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: இடம் பார்த்தல்

மூன்று வகை இடங்கள் நல்லவை. முதலாவது, இப்போது சொன்ன மாதிரி வாசல்களும் கால்வாய்களும். இரண்டாவது, கண்டத்திட்டின் விளிம்பு. திட்டின் நீரும் ஆழ்கடல் நீரும் அங்கேதான் சந்திக்கின்றன. எல்லைக்கோடு 10 கிலோமீட்டர் நகர்ந்தாலும் தரையின் வெப்பநிலை சட்டென்று மாறிவிடும். மூன்றாவது, ஓட்டத்தின் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக அமையும் இடங்கள்.

ஒரே ஒரு வெப்பமானி போட்டுவிட்டு நீரோட்டம் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. குறைந்தது ஐந்து வேண்டும் என்பது என் கணக்கு. மூன்று, ஒரே ஆழக்கோட்டில் ஓட்டத்தின் திசையில். இன்னும் இரண்டு, அதற்குக் குறுக்கே ஆழம் குறைந்த பக்கம் ஒன்றும் கூடிய பக்கம் ஒன்றுமாக. நெடுக்கு வரிசை, வந்த நேரத்தைச் சொல்லும். குறுக்கு வரிசை, எல்லை எவ்வளவு தூரம் ஏறியது என்பதைச் சொல்லும். ஆழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, குளிர்காலப் புயல்கள் நீரை மேலும் கீழும் கலக்கிவிடும் மட்டத்துக்குக் கீழே போங்கள். முடியாவிட்டால் அந்த மாதங்களின் பதிவைத் தனியாக வைத்துப் பாருங்கள்.

படி 3: கருவி

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை, தேடும் மாற்றத்தின் அளவுதான் தீர்மானிக்கும். திட்டு விளிம்பில் 6 டிகிரி தாவலைப் பிடிக்க, 0.2 டிகிரி துல்லியமுள்ள மலிவான லாகர் (தானாக அளந்து பதிந்துவைக்கும் சிறு கருவி) தாராளமாகப் போதும். கூண்டுகளில் பெரும்பாலும் கட்டப்படுவது அந்த ரகம்தான். ஆழ்கடலில் கதையே வேறு. தென் அட்லாண்டிக்கில் அர்ஜென்டினா படுகையில், 1,360 முதல் 4,757 மீட்டர் வரை ஆழமுள்ள நான்கு இடங்களில், கடல் தரைக் கருவிகள் பத்தாண்டுகள் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிந்தன. அங்கே தெரிந்த வெப்ப ஏற்றம் பத்தாண்டுக்கு 0.02 முதல் 0.04 டிகிரி. இதைப் பிடிக்க டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு வரை நம்பத்தக்க சென்சார் வேண்டும்.

அர்ஜென்டினாக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அந்தக் கருவிகளைக் கீழே இறக்கியது வெப்பநிலையை அளப்பதற்காக அல்ல. அவை அழுத்தத்தையும், ஒலி மேற்பரப்புக்குப் போய்த் திரும்பும் நேரத்தையும் அளக்கும் கருவிகள். அழுத்த அளவைத் திருத்துவதற்காக உள்ளே ஒரு வெப்பமானி இருந்தது. அதன் பதிவையும் சேமித்து வைத்திருந்தார்கள். 2020இல் அந்தப் பதிவே ஒரு தனிக் கண்டுபிடிப்பாக வெளிவந்தது. பக்கத்தில் யாராவது வேறு வேலைக்காகக் கடல் தரையில் கருவி வைத்திருந்தால், உள்ளே வெப்பமானி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பதிவு இடைவெளி: மணிக்கு ஒருமுறைக்குக் குறையக்கூடாது, 15 நிமிடம் நல்லது. நாளுக்கு ஒருமுறை அளந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான கடல்களில் முக்கிய ஏற்றவற்றம் 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது. அதை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால், 14.77 நாளைக்கு ஒருமுறை வெப்பநிலை ஏறி இறங்குவதாக ஒரு போலி அலை வரைபடத்தில் தோன்றும். நீரோட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறது என்று கட்டுரையே எழுதிவிடலாம். அப்படி ஒன்றும் நடந்திருக்காது.

படி 4: ஐஸ் வாளிச் சோதனை

இதை யாரும் தவிர்க்கக்கூடாது. எல்லா லாகர்களையும் ஒன்றாகக் கட்டி, ஒரே குளியலில் வையுங்கள். சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸை நன்றாக நொறுக்கி, அகலவாய் தெர்மாஸில் அடிவரை நிரப்பி, இடைவெளியில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கிளறவேண்டும். அரை மணி நேரம் கழித்து எல்லாம் 0 டிகிரிக்கு வந்து நிற்கவேண்டும். எது எவ்வளவு விலகுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, பின்னால் பதிவிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

நான் முதல்முறை இதைச் செய்தபோது, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, லாகரைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கினேன். 3.4 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. கருவிதான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். காரணம் வேறு. நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தியோடு இருக்கும். ஐஸ் மேலே மிதக்க, 4 டிகிரியை ஒட்டிய நீர் வாளியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. லாகர் சரியாகத்தான் அளந்திருக்கிறது. கடல்நீருக்கு இந்தக் குணம் கிடையாது, அது உறையும் வரைக்கும் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அதனால்தான் நொறுக்கிய ஐஸ் அடிவரை இருக்கவேண்டும் என்கிறேன்.

அப்புறம், உங்கள் கடலின் வெப்பநிலைக்கு அருகில் ஒரு வெதுவெதுப்பான குளியலிலும் வைத்து, நம்பகமான வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, எல்லாக் கடிகாரங்களையும் யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்துக்கு வையுங்கள். உள்ளூர் நேரம் வேண்டவே வேண்டாம். ஒரு லாகர் உள்ளூர் நேரத்திலும் மற்றது யூ.டி.சி.யிலும் ஓடினால், நீர் வந்துசேரும் முன்பே வந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். கடலுக்குப் போவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும், இரண்டு முறை இந்தச் சோதனை வேண்டும். நடுவில் சென்சாரின் அளவு விலகிவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

படி 5: கீழே இறக்குதல்

தனிக் கப்பல், தனி நங்கூரம் என்று போனால் செலவு எகிறிவிடும். மீனவர்களோடு சேர்ந்து செய்வதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. நியூ இங்கிலாந்தில் 2001 முதல் நடந்துவரும் ஈமோல்ட் திட்டம் இதைத்தான் செய்கிறது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் ஜிம் மேனிங் தொடங்கிவைத்தது அது. 2011இல் தாவலைப் பிடித்த பதிவுகள் அந்த வழியில் வந்தவை, கட்டுரையாசிரியர்களில் மேனிங்கும் ஒருவர். 2014இல் ரோட் ஐலண்டின் மீனவர் ஆய்வு அமைப்பு ஒன்றும் உட்ஸ் ஹோலும் சேர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போயின. மீன்பிடிப் படகுகளிலிருந்தே வெப்பநிலை, உப்பு, ஆழம் மூன்றையும் மேலிருந்து தரைவரை அளக்கும் கருவியை இறக்கத் தொடங்கினார்கள்.

கூண்டில் கட்டும்போது, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் லாகரை வைத்து, கூண்டின் உள்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். சேற்றில் புதைந்தால் சேற்றின் வெப்பநிலையைத்தான் காட்டும். சேறு மெதுவாக மாறும், தாவல்களை மழுங்கடித்துவிடும்.

படகில் ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் அதில் எழுதவேண்டியவை:

- கூண்டை மேலே இழுத்த நேரம், திரும்பப் போட்ட நேரம்
- போட்ட இடத்தின் அட்சம், தீர்க்கம்
- எக்கோ சவுண்டர் காட்டிய ஆழம்
- லாகர் எண்

மூன்றாவது வரியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். மீனவர் தன் பிழைப்புக்காகக் கூண்டை நகர்த்துவார், அது அவர் உரிமை. 80 மீட்டரில் இருந்த கூண்டை 120 மீட்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டால் வெப்பநிலை தானாகவே மாறும். அந்த மாற்றத்தை நீரோட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த பிழை.

படி 6: பதிவைச் சுத்தம் செய்தல்

கூண்டு மேலே வந்த ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் ஒரு முள் நிற்கும். 9.8, 9.8, 9.7 என்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று 13, 19, 23. அது படகுத் தளத்து வெயில். பிறகு 15, 11, 10, 9.8 என்று இறங்கி வரும். நோட்டில் உள்ள நேரத்தை வைத்து, இழுப்பதற்கு அரை மணி முன்னிருந்து திரும்பப் போட்டு ஒரு மணி வரைக்கும் உள்ள அளவுகளை நீக்குங்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட லாகர் தன் சூட்டைத் தணிக்க நேரம் எடுக்கும், அதற்குத்தான் அந்தக் கூடுதல் நேரம்.

நீக்கிய இடத்தைக் காலியாகவே விடுங்கள், பக்கத்து அளவுகளால் நிரப்பாதீர்கள். மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது, பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். முள்ளைத் தேடிப்பிடித்து நீக்கும் தானியங்கி நிரல்களை நான் முழுதாக நம்புவதில்லை. 2011 நவம்பரின் தாவலையும் அவை முள் என்று நினைத்து நீக்கிவிடக்கூடும். தாவலுக்குப் பிறகு வெப்பநிலை பழைய இடத்துக்கு ஒரு மணியில் திரும்பினால் அது படகுத் தளம். திரும்பாமல் நாள்கணக்கில் நின்றால் அது கடல்.

படி 7: ஏற்றவற்றத்தையும் பருவத்தையும் கழித்தல்

ஏற்றவற்றத்தை நீக்க, ஒன்றரை நாளுக்குக் குறைந்த அசைவுகளையெல்லாம் மழுங்கடிக்கும் வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். பைத்தானிலோ ஆர் மொழியிலோ சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் கழித்ததைத் தூக்கி எறியவேண்டாம். திட்டு விளிம்பில் ஏற்றவற்றத்தோடு வெப்பநிலை முன்பைவிட அதிகமாக ஆடத் தொடங்கினால், எல்லைக்கோடு உங்கள் கருவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். தாவலுக்கு முன்னால் வரும் அறிகுறி அது.

பருவத்தைக் கழிக்க, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் பல வருடச் சராசரி வேண்டும். உங்களிடம் பத்து வருடப் பதிவு இருந்தால் அதிலிருந்தே எடுக்கலாம். இல்லாவிட்டால் நோவாவின் உலகக் கடல் அட்லஸில் உள்ள மாதச் சராசரிகளோ, கோப்பர்நிக்கஸ் கடல் சேவை தரும், 1993இல் தொடங்கும் குளோரிஸ் மறுபகுப்பாய்வோ (அளவுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கட்டிய கடல் பதிவு) கைகொடுக்கும். அவற்றின் தரை ஆழமும் உங்கள் இடத்தின் ஆழமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். திட்டு விளிம்பு செங்குத்தாக இறங்கும், ஒரு கட்டம் தள்ளிப் போனாலே 100 மீட்டர் வித்தியாசம் வரலாம். அளந்த வெப்பநிலையிலிருந்து அந்த நாளின் சராசரியைக் கழித்தால் கிடைப்பது விலகல். இனிமேல் வேலையெல்லாம் இந்த விலகலோடுதான்.

ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமென்றால் ஒரு திருத்தம் உண்டு. அழுத்தத்தாலேயே நீர் சற்றுச் சூடாகும். 4,000 மீட்டரில் அது 0.3 டிகிரியைத் தாண்டும். வெவ்வேறு ஆழங்களை ஒப்பிடும்போது அதைக் கழித்த வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: சூடு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தல்

மொத்த வேலையிலும் யோசனை அதிகம் வேண்டிய இடம் இதுதான். விலகல் ஏறியிருக்கிறது என்றால் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள். மேலிருந்து வந்த வெயில், மேல்நீரும் கீழ்நீரும் கலந்தது, பக்கவாட்டில் வந்த புது நீர்.

வெயிலை ஒரு பெருக்கல் கணக்கில் விடுவித்துவிடலாம். ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 41 லட்சம் ஜூல் வேண்டும். 100 மீட்டர் ஆழ நீரை 6 டிகிரி ஏற்ற, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 245 கோடி ஜூல். சதுர மீட்டருக்கு 200 வாட் வீதம் இரவும் பகலும் நிற்காமல் உள்ளே போனாலும், அதற்கு 140 நாள் ஆகும். சில நாளில் நடந்த தாவலுக்கு வெயில் காரணமாக முடியாது. அதுவும் நவம்பரில் அந்தக் கடல் காற்றிடம் சூட்டை இழந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது ஆளை விடுவிப்பதுதான் கஷ்டம். நியூ இங்கிலாந்துக்குத் தெற்கே கோடையில், குளிர்கால நீர் தரையில் ஒரு பெரிய பாய்போல் தங்கிவிடும். குளிர்க்குட்டை என்று சொல்லலாம். மேலே 20 டிகிரிக்கு மேல் இருக்க, கீழே 10 டிகிரிக்கும் குறைவாக இருக்கும். இலையுதிர்காலப் புயல் ஒன்று வந்து இரண்டையும் கலக்கினால், தரை ஒரே நாளில் பல டிகிரி ஏறும். எந்த நீரோட்டமும் நகர்ந்திருக்காது. இதைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் செய்வேன். அன்று புயல் இருந்ததா? மேற்பரப்பு அதே நேரத்தில் ஆறியதா? எல்லா இடங்களிலும் ஒரே நாளில் ஏறியதா, ஒன்றன்பின் ஒன்றாக ஏறியதா? கலப்பு என்றால் மேலே ஆறும், கீழே சுடும், எங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கும். புது நீர் என்றால் வரிசையாக வரும்.

குளிர்ச்சிக்கும் இதே விசாரணைதான். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கமும் ஆழ்நீர் திட்டின்மேல் ஏறும். மேற்பரப்பு ஆறும் முன்பே தரை ஆறிவிடும். அது கீழிருந்து ஏறிய நீர், கரையோரமாக வடக்கிலிருந்து வந்த நீர் என்று எழுதிவிடக்கூடாது.

படி 9: உப்பைக் கேளுங்கள்

வெப்பநிலை மட்டும் ஏமாற்றும். வெதுவெதுப்பான நீர் உப்பு கூடியதாக இருந்தால் அது கல்ஃப் ஸ்ட்ரீம் பக்கத்து நீர். உப்பு குறைந்திருந்தால் அது திட்டின் மேல்நீர் கீழே கலந்தது. 2011 நிகழ்விலும் ஆழ்கடல் கருவியில் உப்பும் வெப்பமும் சேர்ந்தே உயர்ந்திருந்ததுதான் வழக்கை முடித்தது. எல்லா இடத்திலும் உப்பு அளக்கப் பணம் இல்லையென்றால், ஐந்து இடங்களில் ஒன்றிலாவது வையுங்கள்.

இரண்டு நீர்களின் கலவை என்று உறுதியானால் பங்கு பிரிக்கலாம். குளிர்நீர் 6 டிகிரி, வெந்நீர் 10 டிகிரி, நீங்கள் அளந்தது 7.6 என்று வைத்துக்கொள்வோம். 7.6இலிருந்து 6 போனால் 1.6. அதை 4ஆல் வகுத்தால் 0.4. நூற்றுக்கு 40 பங்கு வெந்நீர். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்து ஆழ்நீரை இப்படி வெப்பநிலையும் உப்பும் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 1930களில் அதில் லாப்ரடார் நீரின் பங்கு 72 சதவீதம். 1980களில் 53 சதவீதம். லாப்ரடார் நீர் ஆக்சிஜன் நிறைந்தது. அது குறையக் குறைய முகத்துவாரத்தின் அடியில் உயிர்கள் மூச்சுத் திணறும் நிலை வந்தது. ஒரு வெப்பமானிக் கணக்கு மீனின் மூச்சுவரை போவதை இங்கே பார்க்கிறோம். எனக்கு இந்த வேலையின்மேல் பற்று வந்ததே அந்தக் கணக்கைப் படித்த பிறகுதான்.

படி 10: வந்த நேரத்தைக் கோத்தல்

நெடுக்கு வரிசையில் உள்ள இரண்டு இடங்களின் விலகல் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றை நாள் நாளாக நகர்த்திப் பாருங்கள். எத்தனை நாள் நகர்த்தினால் இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றனவோ அதுதான் தாமதம். தூரத்தைத் தாமதத்தால் வகுத்தால் வேகம். 40 கிலோமீட்டர் இடைவெளி, 3 நாள் தாமதம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ.

செயின்ட் லாரன்ஸில் இந்தத் தாமதம் நாள்கணக்கு அல்ல, வருடக்கணக்கு. செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் வாயில் உள்ள கேபட் நீரிணையில் நுழையும் ஆழ்நீர் முகத்துவாரத்தின் தலைப்பகுதிக்குப் போய்ச் சேர 3, 4 ஆண்டுகள் ஆகின்றன. விநாடிக்கு ஒரு செ.மீ. அளவிலான நகர்வு. ஆகவே நீரிணையின் தரையில் இன்று பதியும் வெப்பம், உள்ளே சில ஆண்டுகள் கழித்து வரப்போவதன் முன்னறிவிப்பு.

ஒரு எச்சரிக்கை. இந்த வேகம் வெப்ப எல்லை நகர்ந்த வேகம்தான், நீரின் வேகமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. திட்டு விளிம்பு நெடுகிலும் ஓடும் நீண்ட அலைகள், தரைநீரைச் சரிவில் மேலும் கீழும் தள்ளிவிட்டுப் போகும். வெப்பநிலை ஏறி இறங்கும், நீர் ஊரைவிட்டுப் போயிருக்காது. ஏறியது அதே அளவு இறங்கி, உப்பும் பழைய இடத்துக்குத் திரும்பினால் அலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 11: மேலே நிமிர்ந்து பார்த்தல்

இப்போது செயற்கைக்கோளுக்கு வரலாம். மேற்பரப்பு வெப்பப் படத்தையும், கடல் மட்ட உயரப் படத்தையும் உங்கள் தாவலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மாதத்துக்கு எடுத்து அடுக்குங்கள். கல்ஃப் ஸ்ட்ரீமே வளைந்து வந்ததா, அதிலிருந்து அறுந்த வெந்நீர்ச் சுழல் வந்ததா என்று பாருங்கள். சுழல் என்றால் நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலத்தில், கடிகார முள் திசையில் சுற்றிக்கொண்டு மேற்கே நகரும். 1980 முதல் 1999 வரை ஆண்டுக்குச் சராசரியாக 18 சுழல்கள் அறுந்தன. 2000 முதல் 2017 வரை 33. சுழல்கள் பெருகியிருப்பதால், ஒரு தாவலைப் பார்த்ததும் நீரோட்டமே நகர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது முன்பைவிட ஆபத்து. சுழல் சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும்.

படி 12: இடம் மாறியது என்று எப்போது சொல்லலாம்?

என் அளவுகோல் இது. விலகல் ஒரே திசையில் குறைந்தது இரண்டு முழு ஆண்டு நிற்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியவேண்டும். உப்பு அதை ஆமோதிக்கவேண்டும். நான்கைந்து மாதப் பதிவு மட்டும் கையில் இருந்தால், நிகழ்வு என்று எழுதுங்கள், மாற்றம் என்று எழுதாதீர்கள்.

நேர்கோட்டையும் நம்பவேண்டாம். 2004 முதல் 2013 வரை மெய்ன் வளைகுடாவின் மேற்பரப்பு உலகக் கடலின் 99 சதவீதப் பரப்பைவிட வேகமாகச் சூடானது. 2012இல் சிங்கி இறால்கள் வழக்கத்துக்கு முன்பே ஓடு கழற்றிப் பெருவாரியாகச் சிக்கியதில் விலை சரிந்தது. அந்தக் கோட்டை அப்படியே நீட்டியவர்கள் அடுத்த பத்தாண்டும் ஏற்றமே என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 2023 இறுதியை ஒட்டி வடக்கிலிருந்து குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் வளைகுடாவின் ஆழத்துக்குள் வந்தது. 2024இல் அடிநீர் சராசரியைவிடக் குளிர்ந்திருந்தது. வாசலில் ஆள் மாறிவிட்டது. உலகம் சூடாவது நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த வாசலுக்கு எந்த நீரோட்டத்தின் நீர் வருகிறது என்பதே அங்கே தரையின் வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது என்றுதான் பொருள்.

கருவி வாங்க வழியில்லாதவர்கள் இன்றே ஒரு பயிற்சி செய்யலாம். ஈமோல்ட் பதிவுகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. 2011 செப்டம்பர் முதல் 2012 மார்ச் வரை, நியூ இங்கிலாந்துக்குத் தெற்கே உள்ளவற்றை இறக்கிக்கொண்டு, படி 6இலிருந்து தொடங்குங்கள். உங்கள் வரைபடத்தில் நவம்பர் தாவல் தெரிந்தால் முறை பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சொந்தமாகக் கருவி போடுபவர்களுக்கு இன்னும் ஒரு வேலை மீதி இருக்கிறது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும், லாகரைச் சுமந்த ஒவ்வொரு படகுக்காரருக்கும் அவருடைய கூண்டின் வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். தேதி அவர் அறிந்த மாதக் கணக்கில் இருக்கட்டும், ஆழம் அவர் பழகிய அலகில் இருக்கட்டும். எந்த நாளில் நீர் மாறியது என்று விரலால் தொட்டுக் காட்டி, அன்றைக்கு என்ன மீன் பட்டது என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே எழுதி வையுங்கள்.